திரைப்படத்தை வைத்து வந்த வீடியோ கேம்: தரத்தை எதைக் கொண்டு அளக்கிறீர்கள்?

ஆடுகளம்_நல்லூர் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் பக்கத்தில் இரண்டு தீர்ப்புகள்தான் புழங்குகின்றன. படத்தின் பெயரில் வந்த விளையாட்டு என்றாலே ஒரு சாரார் தொட்டும் பார்ப்பதில்லை. இன்னொரு சாராருக்குப் பிடித்த நாயகன் திரையில் ஓடினால் போதும். வேறு எதையும் கேட்கமாட்டார்கள். இரண்டு தரப்புமே விளையாட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. அட்டைப்படத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

என் அளவுகோலைச் சொல்கிறேன். படத்தில் அந்த நாயகன் செய்யும் வேலை, விளையாடுகிறவரின் கைக்கு வருகிறதா? கதை வரிக்கு வரி வருகிறதா, நடிகரின் முகம் பொருந்துகிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

2004இல் வந்த ஸ்பைடர்-மேன் 2 விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப் ஆகிய விளையாட்டுக் கருவிகளுக்கு அதைச் செய்தது டிரேயார்க் நிறுவனம். 2002இல் வந்த முந்தைய விளையாட்டில் வலை வானத்தில் எங்கேயோ ஒட்டிக்கொள்ளும். இதில் வலை உண்மையான கட்டடத்தில் பட்டால்தான் பிடிக்கும். மாடிக் கட்டடங்கள் நெருங்கிய தெருவில் பறந்து போகலாம். கட்டடம் இல்லாத வெளிக்கு வந்தால் பிடிமானம் இல்லாமல் கீழே இறங்க வேண்டியதுதான். ஊஞ்சலின் அடிப்பகுதியில் உடல் தரையை உரசுவதுபோல வரும்போது பொறுத்திருந்து, மேலே ஏறும் நேரத்தில் பொத்தானை விட்டால் உயரமும் வேகமும் சேர்ந்து கிடைக்கும். முந்தி விட்டால் நேரே முன்னால் இருக்கும் சுவரில் மோதுவீர்கள். அந்தக் கணக்கு விரலுக்குப் பிடிபட்டபின் ஒரு வேலையையும் எடுக்காமல் நகரத்தைச் சும்மா சுற்றினாலே போதும் என்று இருக்கும். படத்தின் உயிர் எங்கே இருந்ததோ அதைக் கைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஆனால் யாழ்ப்பாணத்தில் பெரும்பாலானோர் விளையாடியது இந்த விளையாட்டை இல்லை. 2002இல் போர்நிறுத்தம் வந்து யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்தபின் கணினிகள் ஊருக்குள் வரத் தொடங்கின. கொழும்பிலிருந்து இறுவட்டுகள் வந்தன. 2006இல் பாதை மூடும்வரை நாங்கள் விளையாடியதெல்லாம் கணினிப் பதிப்புகள்தான். ஸ்பைடர்-மேன் 2 கணினிப் பதிப்பைச் செய்தது வேறு நிறுவனம். சிறுபிள்ளைகளை மனதில் வைத்து எளிமையாக்கப்பட்டது. அதில் குறித்து வைத்த இடங்களில் மட்டும்தான் வலையை வீச முடியும். அதே பெயர், அதே படம், முற்றிலும் வேறு விளையாட்டு. எங்கள் தலைமுறையில் பலர் இன்றுவரை ஸ்பைடர்-மேன் 2 மோசம் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். ஆகவே எந்தக் கருவிக்கு வந்த பதிப்பு என்று கேட்காமல் தரத்தைப் பற்றிக் கதைக்கவே கூடாது.

உங்கள் அளவுகோலைச் சொல்லுங்கள்.

வடமராட்சிக்காரன்

பதிப்பைப் பற்றிச் சொன்னது சரி. உங்கள் அளவுகோலை மட்டும் நான் ஏற்கமாட்டேன். காசு கொடுத்து வாங்குகிறவன் படத்தைத் தேடித்தான் வருகிறான். அவன் தேடி வந்தது கிடைத்ததா என்பதுதான் முதல் கேள்வி.

2003இல் வந்த என்டர் த மேட்ரிக்ஸைப் பாருங்கள். படத்தின் இயக்குநர்களே கதை எழுதினார்கள். விளையாட்டுக்கென்றே ஏறக்குறைய ஒரு மணி நேரக் காட்சிகளைப் படத்தின் நடிகர்களை வைத்து எடுத்தார்கள். மேட்ரிக்ஸ் ரீலோடட் வந்த அதே நாட்களில் விற்பனைக்கும் விட்டார்கள். இவ்வளவும் இருந்தும், பெட்டியைத் திறந்தவனுக்குப் படத்தின் நாயகன் நியோவாக விளையாட வழியில்லை. நயோபியாகவும் கோஸ்டாகவும்தான் விளையாட வேண்டும். படத்தில் ஓரமாக நின்றவர்களின் கதையைக் கொடுத்துவிட்டு நடுவில் நின்றவனை ஒளித்துவைத்தார்கள். உங்கள் அளவுகோலின்படி பார்த்தால் அதில் மெதுவாக நகரும் சண்டை கைக்கு வருகிறது, சுவரில் ஓடலாம், தோட்டாவுக்கு விலகலாம். தேர்ச்சி கொடுத்துவிடுவீர்கள். நான் கொடுக்கமாட்டேன். அவசரத்தில் முடித்ததால் வந்த பிழைகள் வேறு ஏராளம்.

நிரலாளர்_திருநெல்வேலி

மென்பொருள் எழுதுகிறவள் என்ற முறையில் இன்னொரு பக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன். இந்த விளையாட்டுகளின் தரத்தைப் பெரும்பாலும் நாட்காட்டிதான் தீர்மானிக்கிறது.

மோசமான விளையாட்டுக்கு எல்லாரும் உதாரணம் காட்டும் ஈ.டி. 1982இல் அடாரி 2600 என்ற விளையாட்டுக் கருவிக்கு வந்தது. படம் ஜூனில் வெளியானது. உரிமை பேசி முடிக்கவே ஜூலை கடைசி ஆகிவிட்டது. நத்தார் விற்பனைக்குக் கடைக்கு வர வேண்டுமென்றால் செப்டம்பர் தொடக்கத்தில் நிரல் கையில் இருக்க வேண்டும். ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒரே நிரலாளருக்கு ஐந்து கிழமைகள்தான் கிடைத்தன. மற்ற விளையாட்டுகளுக்கு அந்தக் காலத்திலேயே மாதக்கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். விற்காமல் திரும்பி வந்த பெட்டிகளை 1983இல் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோவில் புதைத்தார்கள். 2014இல் தோண்டியும் எடுத்தார்கள். இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும்.

பலரும் கவனிக்காத விடயம் அந்தக் குழிகள். ஈ.டி. என்ற அந்த வேற்றுலகவாசி நடக்கும்போது மீண்டும் மீண்டும் குழிக்குள் விழும், கழுத்தை நீட்டி மிதந்து வெளியே வரவேண்டும், வந்தவுடன் மறுபடி விழும். ஏன் அப்படி விழுகிறது என்று பார்த்தால், காலடி குழிக்கு வெளியே இருந்தாலும் உருவத்தின் எந்தப் புள்ளி, தலையாக இருந்தாலும், குழியின் மேல் பட்டால் விழுந்துவிடும்படி எழுதப்பட்டிருக்கிறது. பார்ப்பவரின் கண்ணுக்கு ஈ.டி. குழிக்கு அருகே நிற்கிறது. கணினியின் கணக்கில் அது உள்ளே இருக்கிறது. பிற்காலத்தில் ஆர்வலர்கள் அந்த இடத்தைத் திருத்தி வெளியிட்டார்கள். இன்னும் சில கிழமைகள் கொடுத்திருந்தால் வார்ஷாவே திருத்தியிருப்பார். அவர் திறமையில்லாதவர் என்று யாரும் சொல்லமுடியாது. புகழ்பெற்ற யார்ஸ் ரிவெஞ்ச் விளையாட்டும் அவருடையதுதான்.

எதிர்ப்பக்கத்தில் ஒற்றன் ஜேம்ஸ் பாண்டின் கோல்டன்ஐ 007. படம் 1995 நவம்பரில் வந்தது. ரேர் நிறுவனத்தின் விளையாட்டு 1997 ஆகஸ்டில்தான் நிண்டெண்டோ 64 கருவிக்கு வந்தது. படத்தின் பரபரப்பு அடங்கி ஒன்றே முக்கால் வருடம் கழித்து! அந்தக் குழுவில் பெரும்பாலானோருக்கு அதற்கு முன் விளையாட்டுச் செய்த அனுபவமே இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது நேரம். நேரம் இல்லாததால் கெட்டது என்று தெரிந்தாலும் மதிப்பெண்ணைக் கூட்டிப் போடக்கூடாது. விளையாடுகிற பிள்ளைக்கு அந்தக் குழி குழிதான். ஆனால் ஏன் கெட்டது என்று எழுதாத விமர்சனம் அரைகுறை விமர்சனம்.

ஆடுகளம்_நல்லூர்

அக்கா கோல்டன்ஐயைத் தொட்டுவிட்டார், அதனால் வடமராட்சி அண்ணாவுக்கு அதிலிருந்தே பதில் சொல்கிறேன்.

படத்தின் தொடக்கத்தில் பாண்ட் ஓர் அணைக்கட்டின் மேல் ஓடிவந்து கயிற்றைக் கட்டிக்கொண்டு குதிக்கிறார். திரையில் அது சிறு நேரம்தான். விளையாட்டில் அதே அணை ஒரு முழுக் கட்டம். சுரங்கப்பாதை, லாரி, காவல் கோபுரங்கள், அவற்றில் ஒன்றில் ஏறினால் கிடைக்கும் தொலைநோக்கித் துப்பாக்கி என்று படத்தில் இல்லாதவை நிறைய. சாதாரண நிலையில் குதித்தால் போதும். அடுத்த நிலையில் எச்சரிக்கை மணிகளையும் செயலிழக்கச் செய்ய வேண்டும். ஆகக் கடினமான நிலையில் இரகசியக் கருவியைப் பொருத்தி, தரவுகளையும் எடுத்துக்கொண்டுதான் குதிக்கலாம். எதிரிகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டிவிட்டுக் கடினம் என்று சொல்லவில்லை. ஒற்றனுக்கு வேலையைக் கூட்டுகிறார்கள். அதே அணையை மூன்றாவது முறை வேறு கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது.

படத்தை அப்படியே நகலெடுத்திருந்தால் அந்தக் கட்டம் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஒற்றன் என்ன செய்வான் என்று யோசித்ததால்தான் அது நின்றது. நான்கு பேர் ஒரே தொலைக்காட்சியில் திரையை நான்காகப் பிரித்து விளையாடும் பகுதி படத்தில் இல்லவே இல்லை. கடைசி மாதங்களில் சேர்த்தது. அதைத்தான் உலகம் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது.

என்டர் த மேட்ரிக்ஸுக்கு நான் தேர்ச்சி கொடுக்கமாட்டேன் அண்ணா. மேட்ரிக்ஸில் நாயகன் செய்யும் வேலை சண்டை மட்டும் இல்லை. தான் பார்க்கும் உலகம் பொய் என்று தெரிந்துகொண்டு அதன் விதியை மீறுவது. அந்த விளையாட்டில் நீங்கள் எந்த விதியையும் கண்டுபிடிப்பதில்லை.

வெள்ளித்திரை_மானிப்பாய்

தம்பிமார் எல்லாரும் விளையாட்டுப் பக்கத்திலிருந்தே கதைக்கிறீர்கள். நான் நாற்பது வருடமாகப் படம் பார்க்கிறவன். விளையாட்டு என் மகன் மூலமாகத்தான் பழக்கம். எனக்கு ஒரு படம் எப்படி முடிகிறது என்பது அதன் உடலில் உள்ள எலும்பு. அதை எடுத்துவிட்டால் அது வேறு பொருள்.

2005இல் கிங் கொங் படத்தோடு ஒரு விளையாட்டு வந்தது. யூபிசாப்டில் மிஷேல் ஆன்செல் செய்தது. முதலில் அதன் திறமையைச் சொல்லிவிடுகிறேன். திரையில் மிச்சமுள்ள உயிரைக் காட்டும் கோடு இல்லை, தோட்டா எண்ணிக்கை இல்லை, எந்தக் குறியும் இல்லை. அடிபட்டால் காட்சி சிவந்து சத்தம் மாறுகிறது. மிச்சம் எத்தனை தோட்டா என்று பாத்திரமே வாயால் சொல்கிறது. தீவில் சிக்கிய மனிதனுக்கு மூலையில் எண்கள் தெரியாதே! தோட்டா தீர்ந்ததும் கீழே கிடக்கும் எலும்பையும் ஈட்டியையும் பொறுக்கி எறிய வேண்டும். மகன் விளையாடும்போது பக்கத்தில் இருந்து பார்த்த எனக்கு மூச்சு முட்டியது. பிறகு இராட்சதக் குரங்கான கொங்காக விளையாடும் இடம் வருகிறது. அதுவரை பயந்து ஒளித்த விலங்குகளைத் தூக்கி எறிகிறீர்கள். சிறுமையும் பெருமையும் இரண்டும் கைக்கு வருகின்றன. இதுவரை நல்லூர்த் தம்பியின் அளவுகோல் பொருந்துகிறது.

ஆனால் போதிய புள்ளிகள் சேர்த்தவர்களுக்கு அதில் இன்னொரு முடிவு திறக்கிறது. கடல் விமானத்தில் ஏறி, கொங்கைச் சுடும் விமானங்களை வீழ்த்திக் கொங்கைக் காப்பாற்றலாம். கொங் தன் தீவுக்குத் திரும்பிவிடுகிறது. மகனுக்கு மகிழ்ச்சி. எனக்குக் கோபம். 1933இலிருந்து அந்தக் கதை நிற்பதே கொங் அந்தக் கட்டட உச்சியில் இருந்து விழுவதால்தான். நன்றாக விளையாடியதற்குப் பரிசாகத் துயரத்தை நீக்கித் தருவது, படத்தை எடுத்தவனின் கையைத் தட்டிவிடுவது. இதற்கு நான் மதிப்பெண்ணைக் குறைப்பேன்.

வடமராட்சிக்காரன்

ஐயா, நான் படத்தின் பக்கம் நிற்பவன், ஆனாலும் இதில் உங்களோடு சேரமுடியவில்லை. முதல் தடவை முடிக்கும்போது கொங் விழத்தான் செய்கிறது. காப்பாற்றும் வழி அதற்குப் பின்னால், தேடி உழைத்தவனுக்கு மட்டும். படத்தைப் பார்த்து அழுத ஒவ்வொருவனும் ஏதாவது செய்திருக்கலாமே என்று நினைத்திருப்பான். அந்த நினைப்புக்கு இடம் கொடுக்கக்கூடிய கலை விளையாட்டு ஒன்றுதான்.

வெள்ளித்திரை_மானிப்பாய்

நினைப்பு நினைப்பாகவே இருக்க வேண்டும் தம்பி. அது நிறைவேறாததால்தான் இத்தனை வருடம் கழித்தும் கதைக்கிறோம்.

ஆசிரியை_கோப்பாய்

ஆண்பிள்ளைகள் எல்லாரும் துப்பாக்கி விளையாட்டுகளையே அளந்துகொண்டிருக்கிறீர்கள். படத்தை வைத்து வரும் விளையாட்டுகளை அதிகம் விளையாடுவது சிறுபிள்ளைகள். அவர்களுக்கென்று செய்ததை வளர்ந்தவர்களின் கோலால் அளந்து, இலகுவாக இருக்கிறது என்று குறை சொல்வது நியாயமா?

2005இல் வந்த லெகோ ஸ்டார் வார்ஸை நான் நல்ல விளையாட்டு என்று சொல்வேன். பிள்ளை தவறி விழுந்தால் சேர்த்து வைத்த சிறு காசுகள் கொஞ்சம் சிதறும். அந்த இடத்திலேயே மறுபடி எழும்பி நிற்கும். கட்டத்தைத் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லி அழவைப்பதில்லை. சிதறிய காசை ஓடிப்போய் மறுபடி பொறுக்கலாம். ஆகவே இழப்பும் இருக்கிறது, தண்டனையும் அளவோடு இருக்கிறது. இரண்டாவது ஆள் எந்த நேரத்திலும் வந்து சேரலாம், நடுவில் எழும்பிப் போகலாம், விளையாட்டு நிற்காது. அடுப்பில் ஏதும் இருந்தால் தாய் எழும்பிப் போய்விட்டுத் திரும்பி வரலாம். இதையும் யாரோ யோசித்து வடிவமைத்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் ஒரு வேலை. வாள் வைத்திருப்பவர் பொருட்களைத் தூக்கி அடுக்குவார், சிறிய இயந்திர மனிதன்தான் கதவைத் திறக்கும். ஒருவர் செய்வதை மற்றவர் செய்யமுடியாததால் அண்ணனும் தங்கையும் கதைத்துக்கொண்டுதான் விளையாட வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் சண்டை வரும். கதவு திறந்ததும் சண்டை மறந்துபோகும். என்னுடைய கேள்வி இது: யாருக்காகச் செய்தார்களோ அவருக்கு அது பொருந்துகிறதா? அதைக் கேட்காமல் தரம் என்ற பேச்சை எடுக்காதீர்கள்.

தென்மராட்சிப்_பொடியன்

ரீச்சர் சொன்னதையே இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன். நீங்கள் கதைக்கும் எதுவும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் கையில் இல்லை. அவர்களின் கையில் இருப்பது தொலைபேசி. அதில் வரும் படவிளையாட்டுகளை யார் அளப்பது?

2017இல் பாகுபலி பெயரில் ஒரு விளையாட்டு வந்தது. மூன்ஃபிராக் நிறுவனம் செய்தது. கோட்டை கட்டு, படை சேர், மற்றவனின் கோட்டையைத் தாக்கு, கட்டி முடியும்வரை காத்திரு. இப்படியான விளையாட்டு ஏற்கெனவே பல இருக்கின்றன. படம் முழுக்க ஆட்சியுரிமையும் வஞ்சகமும் தாயின் வாக்கும். அதில் ஒன்றாவது விளையாட்டின் விதிக்குள் வந்ததா? என்னிடம் ஒரு சிறிய சோதனை இருக்கிறது. நாயகனின் முகத்தை எடுத்துவிட்டு வேறு படத்தின் நாயகனை வைத்துப் பாருங்கள். விளையாட்டில் எதுவுமே மாறவில்லை என்றால், அந்தப் படத்தின் பெயரை விற்றிருக்கிறார்களே தவிர விளையாட்டைச் செய்யவில்லை. ஓடிக்கொண்டே இருந்து காசு பொறுக்கும் தொலைபேசி விளையாட்டுகளில் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் விழுந்துவிடும்.

கஜினிக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனவருத்தம். தமிழில் 2005இல் வந்த படம். 2008இல் ஹிந்தியில் எடுத்தபோது ஹைதராபாத்தின் எஃப்.எக்ஸ்.லாப்ஸ் அதைக் கணினி விளையாட்டாகச் செய்தது. இந்தியாவின் முதல் முப்பரிமாணக் கணினி விளையாட்டு என்று விளம்பரப்படுத்தினார்கள். நம்முடைய படமொன்றைப் பெரிய விளையாட்டாக எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எவ்வளவு எதிர்பார்ப்பு! கடைசியில் அது அடியும் சூடுமான வழக்கமான சண்டை விளையாட்டு. படத்தில் நாயகனுக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் எதுவும் நினைவில் நிற்காது. உடம்பில் பச்சை குத்தி வைத்திருப்பான், புகைப்படம் எடுத்துப் பெயர் எழுதி வைத்திருப்பான். விளையாட்டுக்கென்றே பிறந்த கரு அது. அதைத் தொடாமல் விட்டுவிட்டு அடிதடியை மட்டும் எடுத்தார்கள்.

நிரலாளர்_திருநெல்வேலி

தம்பி, இதை வாசித்தவுடன் என் கை பரபரக்கிறது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரைபடம் முழுவதையும் அழித்துவிடலாம். சந்தித்தவர்களின் பெயர்கள் மறைந்துவிட வேண்டும். விளையாடுகிறவர் தானே எடுத்த புகைப்படமும் தானே எழுதிய குறிப்பும் மட்டும் மிஞ்சட்டும். படச்சுருளில் குறிப்பிட்ட எண்ணிக்கைதான் இருக்கிறது என்றால், யாரைப் படம் எடுப்பது, யாரை மறக்க விடுவது என்று ஒவ்வொரு தடவையும் முடிவெடுக்க வேண்டும். தவறான குறிப்பை எழுதிவிட்டால், பதினைந்து நிமிடம் கழித்து நீங்களே அதை நம்பித் தவறான ஆளைத் தேடிப் போவீர்கள். இதற்குப் பெரிய வரைகலை வேண்டாம், நட்சத்திர நடிகர் வேண்டாம். யாழ்ப்பாணத்தில் இப்போது நிரல் எழுதப் படிக்கும் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்தால் மாதிரி ஒன்றைச் செய்துவிடலாம். நாயகனின் முகத்தை மாற்றும் உங்கள் சோதனையை நான் எடுத்துக்கொள்கிறேன். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் நல்லது.

ஸ்காபரோ_மாமா

எல்லாரும் வடிவாக எழுதுகிறீர்கள். நான் கனடாவில் இருந்து வாசிக்கிறேன். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது தங்கச்சியின் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு கொண்டுவர இருக்கிறேன். மூத்தவனுக்குப் பதினாறு, இளையவளுக்கு ஒன்பது. வீட்டில் பிளேஸ்டேஷன் 4 இருக்கிறது. இருவருக்கும் படம் என்றால் உயிர். மூத்தவன் ஏலியன் விளையாட்டு வேண்டும் என்கிறான். ஏலியன் பெயரில் கடையில் இரண்டு மூன்று இருக்கின்றன. எது நல்லது?

ஆடுகளம்_நல்லூர்

மாமா, நல்ல நேரத்தில் கேட்டீர்கள். 2014இல் வந்த ஏலியன்: ஐசொலேஷன்தான் நல்லது. 1979இல் வந்த முதல் படத்தின் கதைக்குப் பதினைந்து வருடம் கழித்து, அதன் நாயகி ரிப்ளியின் மகள் தாயைத் தேடிப் போகும் கதை. செய்தவர்கள் கிரியேட்டிவ் அசெம்ப்ளி.

முதல் படத்தில் மனிதர்கள் விண்கலத்துக்குள் புகுந்த அந்த வேற்றுலக மிருகத்தை நேருக்கு நேர் மோதி வெல்வதில்லை, ஒளிந்து தப்பப் பார்க்கிறார்கள். விளையாட்டிலும் அதைச் சுட்டுக் கொல்ல முடியாது. கையில் ஓர் அசைவு காட்டி, அருகில் எது நகர்ந்தாலும் காட்டும் கருவி. அதை உயர்த்திப் பார்த்தால் கண்ணின் கவனம் அந்தச் சிறிய பச்சைத் திரைக்குப் போய் எதிரே உள்ள அறை மங்கிவிடும்; அறையைப் பார்த்தால் காட்டி மங்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. அதன் சத்தமே மிருகத்துக்கு உங்களைக் காட்டிக் கொடுக்கவும் கூடும். மேசைக்கு அடியில் குந்திக்கொண்டு பார்ப்பதா கேட்பதா என்று தடுமாறும் அந்தக் கணத்தில், படத்தில் இருந்தவர்களின் நிலை முழுவதுமாக உங்களுக்கு வந்துவிடுகிறது.

மிருகத்தின் மூளையை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்றுக்கு நீங்கள் இருக்கும் இடம் எப்போதும் தெரியும். அது மற்றதற்கு இந்தப் பக்கம் தேடு என்று மேலோட்டமாகச் சொல்லும், இடத்தைக் காட்டிக் கொடுக்காது. மற்றது கண்ணாலும் காதாலும் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் அது எப்போதும் அருகில் இருப்பதுபோலவும் இருக்கிறது, ஏமாற்றுவதாகவும் தோன்றுவதில்லை.

குறையும் உண்டு. தேவைக்கு மேல் நீளம்; கடைசிப் பகுதி இழுபடுகிறது. இன்னொன்று நம் ஊருக்கே உரியது. விளையாடியதை எங்கு வேண்டுமானாலும் சேமிக்க முடியாது, சுவரில் உள்ள கருவியைத் தேடிப் போய் அட்டையைச் செருகி, விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும்வரை நிற்க வேண்டும். நிற்கும்போதே மிருகம் வந்து கொல்லலாம். பயத்துக்கு அது அருமையான ஏற்பாடு. 2022இல் மின்வெட்டு நேரங்களை வலயத்துக்கு ஓர் எழுத்துப் போட்டு அறிவித்தார்களே, அந்த நாட்களில் இதை விளையாடியவர்களைக் கேளுங்கள். மிருகத்திடம் இழந்ததைவிட மின்சாரத்திடம் இழந்தது அதிகம். இதை விளையாட்டின் குறை என்று நான் எழுதமாட்டேன். ஆனால் யாழ்ப்பாணத்து வாசகனுக்குச் சொல்லாமலும் விடமாட்டேன்.

நிரலாளர்_திருநெல்வேலி

மாமா, 2013இல் வந்த கலோனியல் மரீன்ஸ் கண்ணில் பட்டால் கடந்து போங்கள். அது இரண்டாவது படமான ஏலியன்ஸைப் பின்பற்றியது. கண்காட்சியில் காட்டிய மாதிரி ஒன்று, கடைக்கு வந்தது இன்னொன்று. அமெரிக்காவில் அதற்காக வழக்கே போட்டார்கள். மிருகங்கள் பதுங்காமல் நேரே ஓடிவந்து வரிசையில் நின்று சாகும்.

ஐந்து வருடம் கழித்து ஒரு செய்தி பரவியது. கணினிப் பதிப்பின் அமைப்புக் கோப்பு ஒன்றில் ஒரு சொல்லில் ஓர் எழுத்து மிகையாக விழுந்திருந்தது. மிருகங்கள் எங்கே நிற்க வேண்டும், எங்கே சுற்றிவந்து பதுங்க வேண்டும் என்று இணைக்கும் வரி அது. எழுத்துப் பிழையால் அந்த இணைப்பு வேலையே செய்யவில்லை. ஆர்வலர் ஒருவர் அந்த ஓர் எழுத்தை நீக்கியதும் மிருகங்கள் முன்பைவிடப் புத்தியோடு நடந்துகொண்டன. அதனால் விளையாட்டு முழுவதும் நல்லதாகிவிடவில்லை. மற்றக் குறைகள் அப்படியே இருந்தன. ஆனால் வெளியாகும் முன் யாராவது ஆறுதலாக உட்கார்ந்து சோதித்திருந்தால் அது தப்பியிருக்காது. நான் மறுபடி நாட்காட்டிக்கே வருகிறேன்.

வடமராட்சிக்காரன்

விலையை ஏன் ஒருவரும் கதைக்கவில்லை? 2022இல் ஒரு டொலர் ஏறக்குறைய இருநூறு ரூபாயிலிருந்து சில மாதங்களில் முந்நூற்று அறுபதுக்குப் போனது. அதன்பின் புது விளையாட்டு வாங்குவது நம் வீடுகளில் சிறிய செலவில்லை. ரோபோகாப்: ரோக் சிட்டி 2023இல் வந்தபோது வரைகலை முதல்தரம் இல்லை, முகங்கள் விறைப்பு என்று பலர் எழுதினார்கள். போலந்தின் டெயோன் என்ற சிறிய நிறுவனம் செய்தது. 2014இல் அவர்கள் செய்த ராம்போ விளையாட்டை எல்லாரும் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ரோபோகாப்பில் படத்தின் நாயகன் பீட்டர் வெல்லரையே குரல் கொடுக்க அழைத்து வந்தார்கள். நாயகனான இயந்திரப் பொலிஸ்காரன் ஓடி ஒளிவதில்லை. கனமாக, மெதுவாக, தோட்டாக்களை வாங்கிக்கொண்டே நடக்கிறான். இடையில் தவறாக நிறுத்திய வாகனத்துக்குத் தண்டச் சீட்டும் எழுதுகிறான்! படத்தை நேசித்தவனுக்கு இது போதும். விலை இறங்கியபின் வாங்கினால் முழுத் திருப்தி.

ஆடுகளம்_நல்லூர்

அண்ணா, மெதுவாக நடப்பதும் தண்டச் சீட்டு எழுதுவதும் நாயகனின் வேலை கைக்கு வருவதுதானே! விலை விடயத்தில் மட்டும் வேறுபடுகிறேன். வாங்கலாமா என்ற கேள்விக்கு விலை வேண்டும். நன்றாக இருக்கிறதா என்ற கேள்விக்கு வேண்டாம். தள்ளுபடி விலையில் கிடைத்தாலும் ஈ.டி.யின் குழி குறையப்போவதில்லை.

வடமராட்சிக்காரன்

காசை எண்ணி வாங்குகிறவனுக்கு இந்த இரண்டு கேள்வியும் ஒன்றுதான் தம்பி. விலையைப் போடாத விமர்சனத்தை நான் பாதியிலேயே மூடிவிடுவேன்.

ஆசிரியை_கோப்பாய்

மாமாவின் கேள்விக்கு வருகிறேன். ஒன்பது வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஏலியனைக் கொண்டுவராதீர்கள். மூத்தவன் இரவில் விளையாடினாலும் அந்தச் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். 2022இல் வந்த லெகோ ஸ்டார் வார்ஸ்: ஸ்கைவாக்கர் சாகா பிளேஸ்டேஷன் 4இல் இருக்கிறது. ஒன்பது படங்களின் கதையும் ஒரே விளையாட்டில், திரையைப் பிரித்து இருவரும் ஒன்றாக விளையாடலாம். பதினாறு வயதுக்காரன் முதலில் முகம் சுளிப்பான். தங்கைக்கு வழிகாட்டத் தொடங்கினால் விடமாட்டான். வீட்டில் ஒரு கைக்கருவிதான் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே இரண்டாவதை வாங்குவது இலேசில்லை.

ஸ்காபரோ_மாமா

தங்கச்சியிடம் கேட்டேன், ஒன்றுதான் இருக்கிறதாம். கைக்கருவி ஒன்றும் லெகோவும் வாங்கிவிட்டேன். மூத்தவனுக்கு ஏலியனையும் எடுத்திருக்கிறேன் ரீச்சர், ஆனால் காதில் மாட்டும் ஒலிக்கருவியோடு சேர்த்துத்தான் கொடுப்பேன். தென்மராட்சித் தம்பி, நிரலாளர் தங்கச்சி, அந்தப் பதினைந்து நிமிட விளையாட்டை யாராவது செய்யத் தொடங்கினால் இங்கே எழுதுங்கள். திருவிழாவுக்கு வரும்போது நேரில் வந்து விளையாடிப் பார்க்கிறேன்.